சக்கையோடு குடிக்க ஒரு காய்கறி சூப்

ஊட்டியில் டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும், விடிந்ததும் கதவைத் திறந்தால் புல்வெளி எல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். உறைபனி விழுந்த காலை. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது, தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும், அடுப்பை விட்டு நகர யாருக்கும் மனசு வராது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் ராத்திரிச் சாப்பாடு சூப்தான். சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் குடிக்கிற சூப்பைச் சொல்லவில்லை, ஆளுக்கு இரண்டு பெரிய டம்ளர், கூட இரண்டு துண்டு ப்ரெட் அல்லது ஒரு சப்பாத்தி, அவ்வளவுதான் சாப்பாடே.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் வைத்தது ஓட்டல் சூப். காயை எல்லாம் வேகவைத்து, வடிகட்டி, சாற்றில் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றி, பளபளவென்று கொண்டுவந்து வைத்தேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். தொட்டி ஓரத்தில் வடிகட்டியில் குவிந்திருந்த காயைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சக்கைய எல்லாம் வீசிப்போட்டு வெறுந்தண்ணியக் குடுக்கறே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. காயை வேகவைக்கும்போது பொட்டாசியமும் வைட்டமின் சி, பி வகைகளில் ஒரு பங்கும் தண்ணீரில் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் நார்ச்சத்து அநேகமாக முழுக்கவும், கேரட்டுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிற பீட்டா கரோட்டினில் பெரும்பங்கும் சக்கையில்தான் நிற்கிறது. அதை வீசிவிட்டுக் கெட்டியாக இருக்கட்டும் என்று கார்ன்ஃப்ளார் சேர்க்கிறோம், அது வெறும் மாவுச்சத்து. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும்.

அதனால் இந்த முறையில் இரண்டே விஷயம்தான் முக்கியம். காயை வடிகட்டக் கூடாது. கெட்டித்தன்மை பருப்பிலிருந்தும் காயிலிருந்தும் வர வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

நாலு பேருக்கு நான் எடுக்கிற அளவு இது. பாசிப்பருப்பு 100 கிராம். கேரட் நடுத்தரமாக மூன்று. பீன்ஸ் பத்துப் பன்னிரண்டு. நூல்கோல் ஒன்று. உருளைக்கிழங்கு சின்னதாக ஒன்று. உரித்த பச்சைப் பட்டாணி ஒரு கை. முட்டைக்கோஸ் பொடியாக நறுக்கியது ஒரு கை. லீக்ஸ் ஒரு தண்டு, கிடைக்காவிட்டால் சின்ன வெங்காயம் எட்டு. தக்காளி ஒன்று. பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு சின்னத் துண்டு, சீரகம் அரை டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் அல்லது நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன், உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன், கடைசியில் பிழிய அரை எலுமிச்சம்பழம், கொத்தமல்லி. தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

பருப்பு அதிகமோ என்று தோன்றும். வேண்டும் என்றுதான் இவ்வளவு போடுகிறேன். பாசிப்பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறு கிராம் வருகிறது, பட்டாணி அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும். வெறும் காய் சூப்பில் அந்தப் பேச்சே கிடையாது. துவரம்பருப்பு போட்டால் சாம்பார் வாசம் வந்துவிடும், மசூர் பருப்பு போடலாம், சீக்கிரம் கரையும். ராஜ்மா போட ஆசைப்படுகிறவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது: காய்ந்த ராஜ்மாவை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் தனியாக நன்றாக வேகவைத்த பிறகே சூப்பில் சேர்க்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற நச்சுப்பொருள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும்.

காய் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சூப்பில் மசாலா எதுவும் இல்லை, காய் நன்றாக இல்லையென்றால் அதை மறைக்க ஒன்றும் கிடையாது. கீழே சந்தையில் இவற்றை இங்கிலீஷ் காய் என்கிறார்கள். பெயர்க் காரணம் உண்மைதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கமாக மலையேறி வந்து, பிறகு ஊட்டியில் வீடு கட்டித் தங்கிய காலத்தில்தான் உருளைக்கிழங்கும் மற்ற சீமைக் காய்களும் இந்த மண்ணில் ஊன்றின. இன்றைக்கும் கேத்தி, பாலாடா பக்கம் போனால் சரிவு முழுக்கக் கேரட்தான். பிடுங்கின கேரட்டை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றிக் கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் ஏற்றுவார்கள். கழுவின கேரட் பார்க்க ஆரஞ்சாக மினுங்கும், ஆனால் மேல்தோல் உரசிப்போயிருப்பதால் சீக்கிரம் வாடும், வழவழப்பாகும். மண் ஒட்டின கேரட் கிடைத்தால் அதை வாங்குங்கள், கழுவாமல் வைத்தால் கூடுதல் நாள் தாங்கும். தலைப்பக்கம் பச்சையாக இருந்தால் அந்த அரை அங்குலத்தை நறுக்கி எறிந்துவிடுங்கள், கசக்கும். குளிர்காலக் கேரட் ருசியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. குளிர் கூடக் கூடச் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், உறைந்துபோகாமல் இருக்க அது செய்கிற ஏற்பாடு. முட்டைக்கோஸும் அப்படித்தான். ஜனவரியில் வைக்கிற சூப் மே மாதச் சூப்பை விட இனிப்பாக இருப்பது அதனால்தான்.

லீக்ஸ் பழகாதவர்களுக்கு: பார்க்கப் பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும், அடியில் வெள்ளையாக, மேலே அகலமான பச்சை இலை. முழுசாகக் கழுவினால் போதாது. செடி வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே வருவதால் இலைக்கு இலை நடுவில் கறுப்பு மண் உட்கார்ந்திருக்கும். வெள்ளைப் பகுதியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சீட்டுக்கட்டைப் பிரிப்பது போல விரலால் மடிப்புகளை விலக்கி, ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் சூப்பில் பல்லுக்கடியில் நறநற என்று வரும், அதற்கப்புறம் அதைச் சரி செய்ய வழியே இல்லை. காலிஃப்ளவர் சேர்க்கிறவர்கள் பூவைப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், உள்ளே புழு இருந்தால் மேலே வந்துவிடும். நூல்கோலில் மேல்தோலைத் தாராளமாகச் சீவுங்கள், தோலுக்கு அடியிலே நார் ஓடும்.

பீட்ரூட்டை இந்தச் சூப்பில் போட வேண்டாம். நல்ல காய்தான், ஆனால் எல்லாவற்றையும் சிவப்பாக்கித் தன் ருசி ஒன்றே தெரிகிற மாதிரி செய்துவிடும். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

காய் நறுக்கும்போது மிஞ்சுகிற தோல், காம்பு எதையும் குப்பையில் போடாதீர்கள். கேரட் தோல், லீக்ஸின் பச்சை இலை, கொத்தமல்லித் தண்டு, காலிஃப்ளவர் அடித்தண்டு, பட்டாணி உரித்த தோல், இரண்டு மிளகு, ஒரு பட்டை இஞ்சித் தோல், இவற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, மிதமான கொதியில் இருபது நிமிடம் விடுங்கள். பட்டாணித் தோலை அவசியம் சேருங்கள், அதில் வருகிற இனிப்பு வேறு எதிலும் வராது. முட்டைக்கோஸ் குருத்து, உருளைக்கிழங்குத் தோல் இரண்டும் வேண்டாம். கோஸ் நேரம் போக வெந்தால் கந்தக வாடை வரும், உருளைத் தோல் பச்சை ஓடியிருந்தால் கசப்போடு உடம்புக்கும் ஆகாது. இருபது நிமிடம் கழித்து இதை மட்டும் வடிகட்டலாம், வடிகட்டிக்கு இந்த வீட்டில் இருக்கிற ஒரே வேலை இதுதான். மருந்தடித்த காய் என்று சந்தேகம் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், தோலைச் சீவி எறிந்துவிட்டு வெறும் சுடுதண்ணீரில் சூப் வையுங்கள், ருசி ஒரு படி குறையும், பரவாயில்லை.

பருப்பை முன்கூட்டியே கழுவி இருபது நிமிடம் ஊறவைத்துவிடுங்கள். ஐந்து லிட்டர் குக்கரை அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்து, வெண்ணெய் உருகினதும் சீரகம், நசுக்கின பூண்டு, இஞ்சி, லீக்ஸ் வெள்ளைப் பகுதி அல்லது சின்ன வெங்காயம். ஐந்து நிமிடம், அவசரப்படாமல். நிறம் மாறக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனால் போதும், பழுப்பாக வறுபட்டால் சூப் குருமா பக்கம் போய்விடும். அப்புறம் தக்காளி, அது குழைந்ததும் கேரட்டில் பாதியை எடுத்து அந்தக் கொழுப்பிலேயே ஒரு நிமிடம் புரட்டுங்கள். எண்ணெயே இல்லாமல் சூப் வைத்தால்தான் உடம்புக்கு நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைகிற சத்து, கொஞ்சமாவது கொழுப்பு கூட இருந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். நாலு பேருக்கு ஒரு ஸ்பூன் வெண்ணெய் யாருக்கும் கெடுதல் செய்யாது.

இப்போது ஊறின பருப்பு, மஞ்சள்தூள், உருளைக்கிழங்கு, நூல்கோல், வடித்து வைத்த தண்ணீரில் ஒரு லிட்டர். குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பருப்பு நுரைத்து வெயிட்டை அடைத்துக்கொள்ளும். கொதி வரும்போது மேலே கட்டுகிற நுரையை ஒரு கரண்டியால் எடுத்துவிட்டு மூடி போடுங்கள்.

எத்தனை விசில் என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கக் கொதிக்கிறது, ஆனால் கீழே இருக்கிற சூடு அதில் இல்லை. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும், மலைக்குப் புதிதாக வந்தவர்கள் பருப்பின் மேல் பழி போட்டுவிட்டுக் கடையை மாற்றுவார்கள். பருப்பு நல்ல பருப்புதான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குக்கரில் நாலு விசில் விடுங்கள், கோவை, சென்னையில் இரண்டு போதும். கீழே இருக்கிறவர்கள் குக்கர் இல்லாமலும் செய்யலாம், மூடி போட்ட பாத்திரத்தில் அரை மணி நேரம்.

ஆவி தானாக அடங்கினதும் திறந்து, பருப்பு மத்தால் பத்துத் தடவை கடையுங்கள். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் உருளைக்கிழங்கு பசை மாதிரி இழுக்கும், எல்லாம் ஒரே கூழாகிவிடும். மத்தால் கடைந்தால் பருப்பும் உருளையும் கரைந்து சூப்புக்கு உடம்பு கொடுக்கும், நூல்கோல் அங்கங்கே துண்டாக நிற்கும். கரண்டியைத் தூக்கினால் அதன் முதுகில் மெல்லிசாக ஒட்டி, மெதுவாக வழிய வேண்டும், அதுதான் பதம். பால் ஏடு ஊற்றின மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொட்டுப் பால் கிடையாது.

மீதிக் காய் இப்போதுதான் போக வேண்டும். எல்லாக் காயையும் ஒரே நேரத்தில் குக்கரில் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிற தவறு, பீன்ஸ் சாம்பல் நிறமாகி, பட்டாணி தோல் கழன்று, கோஸ் வாடையடித்து, எது எது என்றே தெரியாமல் போகும். மீதி அரை லிட்டர் தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்டு, மிச்சக் கேரட்டைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, பட்டாணி, பீன்ஸோடு சேர்த்துத் திறந்தபடியே எட்டிலிருந்து பத்து நிமிடம், மலையில் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக. கோஸ் கடைசி நாலு நிமிடம். கீரை ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால்.

மிளகை முன்கூட்டியே பொடித்த டப்பாவிலிருந்து போடாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகு, முழு மிளகை இடிகல்லில் போட்டு நாலு தட்டு, ஒவ்வொன்றும் மூன்று நாலாக உடைந்தால் போதும், அந்தச் சூட்டோடு மேலே தூவுங்கள். மூக்கில் ஏறுகிற அந்த வாசம் கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடுகிற பொருள், காரம் மட்டும் மிச்சம் நிற்கும். எலுமிச்சையும் அப்படியே. வைட்டமின் சி சூட்டில் அழியும், அதனால் டம்ளரில் ஊற்றி, வாயில் வைக்கிற சூடு வந்ததும் அவரவர் பிழிந்துகொள்வது நல்லது. பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் அந்தப் புளிப்பு உதவும்.

எங்கள் வீட்டில் ஒரே பாத்திரம் மூன்று விதமாகப் பிரியும். அத்தைக்குப் பல்செட், கடித்துச் சாப்பிடுவது சிரமம், அவருக்கு இரண்டு கரண்டி தனியாக எடுத்து மத்தால் நன்றாக மசித்து, சூட்டைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுப்பேன். பிள்ளைகளுக்கு மிளகைக் குறைத்து, மேலே நாலு துண்டு வறுத்த ப்ரெட். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் உப்பும் மிளகும் சேர்க்கும் முன்பே அதன் பங்கை எடுத்து மசித்துவிடுங்கள். பெரியவர்களுக்கும் உப்பில் கவனம் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, நான் சொன்ன தலைதட்டின ஒரு டீஸ்பூனே நாலு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு ஒன்றரை கிராம் ஆகிறது. சூப் கியூப், சூப் பவுடர் எதையாவது சேர்க்கிறீர்கள் என்றால் தனியாக உப்புப் போடவே போடாதீர்கள், அதிலேயே ஏராளமாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்தத் தோல் வேகவைத்த தண்ணீர் இருக்கும்போது கியூபுக்கு அவசியமே இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள் உருளைக்கிழங்கை விட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னும் இரண்டு ஸ்பூன் பருப்பு போடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சூப்பை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைய வேண்டும் என்று காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருப்பார்கள், இங்கே நாம் செய்வது அதற்கு நேர் எதிர், தண்ணீரோடு எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறோம். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

உப்பு கூடிவிட்டால் ஒரு முழு உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள், அப்படி ஒன்றும் நடக்காது, கிழங்கு தான் குடித்த தண்ணீரில் இருந்த உப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். உப்பில்லாமல் வெந்த பருப்பு ஒரு கரண்டியும் சுடுதண்ணீரும் சேருங்கள், அளவு கூடும், உப்பு இறங்கும். ரொம்பக் கெட்டியாகிவிட்டாலும் சுடுதண்ணீர்தான், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசி செத்துவிடும்.

கீழ்நாட்டில், மழையும் மார்கழிப் பனியும் சேர்ந்து வருகிற நாட்களில், இங்கிலீஷ் காயைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதே பருப்பு, இதே பூண்டு சீரகம், காய்க்கு மட்டும் சுரைக்காய், மஞ்சள் பூசணி, நாலு துண்டு முருங்கைக்காய், கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரை. பூசணி உருளைக்கிழங்கின் வேலையைச் செய்துவிடும். முருங்கைக்காயை வெந்ததும் எடுத்து உள்சதையை வழித்துச் சேர்த்தால் குடிக்கிறவர்களுக்கு வசதி. கோவையில் இருக்கிற என் தங்கை இப்படித்தான் வைக்கிறாள், அவள் வீட்டுக்குப் போகும்போது இரண்டாவது டம்ளரை நானே கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

மிஞ்சினதை வெளியே குளிராகத்தானே இருக்கிறது என்று ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விட்டுவிடாதீர்கள், பருப்பு சேர்ந்த எதுவும் சீக்கிரம் கெடும். ஆறினதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள். எடுக்கும்போது களி மாதிரி இறுகியிருக்கும், கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, தளதளவென்று கொதிக்கவைத்துக் கொடுங்கள், வெதுவெதுப்பாக்கி மட்டும் கொடுக்க வேண்டாம். மிளகும் எலுமிச்சையும் அப்போது புதிதாக.

என் கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி வேலை. அன்றைக்கு ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சூப்பைக் கழுத்து வரை நிறைத்து மூடுவேன். பாதி ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறும், நிறைந்த ஃபிளாஸ்க் விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்தாலும் ஆவி பறக்கும். பீன்ஸும் கோஸும் அந்தச் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும் என்பதால் அன்றைக்கு அவற்றை இரண்டு நிமிடம் முன்னாலேயே இறக்கிவிடுவது வழக்கம். மிளகு, ஒரு துண்டு எலுமிச்சை இரண்டும் தனிப் பொட்டலம்.